கரை திரும்பும் படகு

படகு கட்டும் தளத்தில் சற்று நேரம் நின்றால் மூன்று கேள்விகள் காதில் விழும். நீளம் எத்தனை அடி? எஞ்சின் எத்தனை குதிரைத்திறன்? எத்தனை டன் ஐஸ் கொள்ளும்? மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் மூன்றும் மீனைப் பற்றியவை. ஆட்களைப் பற்றிய கேள்வி ஒன்று உண்டு, அதை யாரும் கேட்டு நான் கண்டதில்லை. நாள்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. டீசல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நனைந்த வலை தளத்தில் குவிந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு பெரிய அலை அடித்தால் இந்தப் படகு நிமிருமா?

ஆழ்கடலுக்குப் படகு தேர்வதென்றால் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. படகை நீரில் இறக்கும் நாளில் மாலை போட்டுப் பார்க்கிற அழகை வைத்து எடைபோடக் கூடாது. அதன் மிக மோசமான ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். குமரி மாவட்ட மேற்குக் கடற்கரையின் அனுபவத்தை முன்னே வைத்து, இன்று நம் மீனவர் முன் உள்ள படகுகளை ஒவ்வொன்றாக இந்தத் தராசில் ஏற்றிப் பார்க்கிறேன்.

அந்தக் கடற்கரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இரயுமன்துறை முதல் நீரோடி வரை அடுத்தடுத்து நிற்கும் எட்டு ஊர்கள், தூத்தூரை நடுவில் வைத்து, தங்குகடல் தொழிலையே வாழ்வாகக் கொண்டவை. சுறாவையும் சூரையையும் தேடி, கொச்சியைத் தளமாகக் கொண்டு, மேற்குக் கடல் முழுவதும் வாரக்கணக்கில் சுற்றி வருகிறவர்கள் அவர்கள். தூண்டில் தொழிலில் அவர்களுக்கு நிகரானவர்கள் இந்தியக் கரையில் மிகக் குறைவு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது அதிகம் இழந்தவர்களும் அவர்களே. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக் கடலில் புயலாக நின்றது. தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அல்லது காணாமற்போனார்கள்.

அந்தப் புயல் படகுகளைப் பற்றி ஒரு செய்தி சொன்னது. கரைக்கு அருகே தொழில் செய்த சின்ன ஃபைபர் படகுகளும் கவிழ்ந்தன. தொலைவில் தங்கியிருந்த பெரிய விசைப்படகுகளும் திரும்பவில்லை. அதே கடலில் இருந்த வேறு பல படகுகள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை ஏறின. படகின் நீளம் மட்டுமே உயிரைக் காத்திருந்தால் இப்படி நடந்திருக்காது. அப்படியானால் வேறு எவை காக்கின்றன?

நான்கைச் சொல்வேன். ஒன்று, சாய்ந்த படகு நிமிர வேண்டும். இரண்டு, உள்ளே வந்த நீர் வெளியே போக வேண்டும்; போகாத நீர் ஓர் அறைக்குள்ளேயே அடங்க வேண்டும். மூன்று, கரையின் குரல் படகுக்கும் படகின் குரல் கரைக்கும் எட்ட வேண்டும். நான்கு, வானிலை கெட்டால் வெறுங்கையோடு திரும்பிவர, படகைச் செலுத்தும் ஸ்ராங்குக்கு மனம் துணிய வேண்டும். நான்காவது படகின் குணம் இல்லையே என்று தோன்றலாம். படகின் விலைக்கும் அதற்கும் நேரான தொடர்பு உண்டு. பின்னால் அதற்கு வருகிறேன்.

இரண்டாவது அளவுகோலை நமக்குக் கற்றுத் தந்தது கட்டுமரம். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்த உடலில் தண்ணீர் தங்க இடமே கிடையாது. மேலே ஏறிய அலை கட்டைகளின் இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், ஆட்கள் சேர்ந்து புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்வார்கள். மீன் வைக்க அறை கிடையாது, ஆள் படுக்க இடம் கிடையாது, போகும் தூரமும் குறைவு. ஆகவே ஆழ்கடல் தங்கலுக்கு அது ஆகாது. ஆனால் வந்த நீர் போக வேண்டும், கவிழ்ந்தாலும் மூழ்கக் கூடாது என்ற அதன் பாடத்தை அதற்குப் பின் வந்த படகுகள் எவ்வளவு காப்பாற்றின என்று கேட்கலாம்.

முதலில் ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து கரையெங்கும் நிறைந்த வகை இது. எடை குறைவு. அலை உடையும் மணற்கரையிலும் இறக்கி ஏற்றலாம். கடற்புழு அரிக்காது. வெளிப்பொருத்து எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விடியுமுன் போய் மதியம் திரும்புகிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது. குறை எங்கே என்றால், இது திறந்த தொட்டி. ஏறிய நீர் தானாக வடியாது; கோரித்தான் கொட்ட வேண்டும். ஒரே எஞ்சின், அதுவும் கடைசிப் பலகையில் தொங்குகிறது. அது நின்றுவிட்டால் படகு அலைக்குப் பக்கம் காட்டி நிற்கும். அடைத்த காற்றறைகளோ நுரைப் பொதியோ இருந்தால் கவிழ்ந்தாலும் மிதக்கும். அடிப்புறத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறோ கம்பியோ ஓடினால் ஆள் தொங்கிக்கொண்டாவது உயிர் பிழைப்பான். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு படகின் விலையில் சிறு பகுதிதான். இரண்டும் இல்லாத படகை வாங்காதீர்கள். இருந்தாலும்கூட, ஒரு பகலின் எல்லையைத் தாண்டி இதைக் கொண்டுபோவது தவறு. கரைக்கடலில் மீன் குறையக் குறைய இந்தப் படகுகள் இன்னும் தள்ளிப் போகின்றன. அங்கே கவிழும் படகைக் குறைசொல்ல முடியாது. அது தனக்கு உரிய கடலை விட்டு வெளியே கொண்டுபோகப்பட்டது.

அடுத்தது மர விசைப்படகு. ராமேசுவரம் முதல் நாகை வரை பாக் விரிகுடாவில் இழுவலை இழுக்கும் வகை. மரத்துக்கென்று ஒரு நன்மை உண்டு. படகு கட்டும் ஊர் ஓடாவியே பழுதுபார்ப்பார். உடைந்த பலகையை மாற்றலாம், இடுக்குகளை அடைக்கக் கலப்பத்து அடித்து மறுபடி இறக்கலாம். ஆனால் இந்த உடல் எந்தக் கடலுக்காகப் பிறந்தது? பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 13 மீட்டருக்கும் குறைவு. அங்கே அதிகம் அமிழாத அடி வேண்டும்; காலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிற தொழில், அதனால் பெரிய மீன் அறை தேவையில்லை, குடிநீர்த் தொட்டி தேவையில்லை, படுக்கையும் தேவையில்லை. இந்தப் படகில் வின்ச்சைக் கழற்றிவிட்டு ஆயிரங்கால் தூண்டிலை ஏற்றினால் ஆழ்கடல் படகாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. நீர்புகாத குறுக்குச் சுவர்கள் இல்லாத மரக்கூட்டில் ஒரு பலகை விட்டுக்கொடுத்தால் முன்னே அணியம் முதல் பின்னே புறத்தலை வரை நீர் ஓடும். அது கரையிலிருந்து பத்து மைலில் நடந்தால் விபத்து, இருநூறு மைலில் நடந்தால் சாவு.

மூன்றாவது இரும்புப் படகு. தூத்தூர் ஊர்களின் தங்குகடல் தொழிலில் இதற்கு இன்று பெரிய இடம் உண்டு. அறைகளைப் பிரித்துச் சுவர் வைக்க இரும்பில் எளிது. நல்ல பற்றவைப்பு இருந்தால் கசிவே இருக்காது. அணியத்தில் அடி வாங்கினாலும் நெளியுமே தவிரப் பிளக்காது. துரு இதன் நோய். துத்தநாகக் கட்டிகளை நேரத்துக்கு மாற்றி, தளம் ஏற்றிச் சுரண்டிப் பூசினால் அந்த நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். உண்மையான ஆபத்து வேறு: இரும்பு மலிவாகவும் எளிதாகவும் மேல்நோக்கி வளர்கிறது. கேபின் உயர்கிறது, அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி, விளக்குத் தூண், பழைய வலை மூட்டை.

இங்கே ஒரு கணக்குப் போட்டே ஆக வேண்டும். மிதக்கும் படகுக்கு எடைமையம் ஒன்று உண்டு. படகு சாயும்போது நீர் அதைத் தாங்கும் திசைகள் சந்திக்கிற ஒரு புள்ளி உண்டு. அதை மெட்டாசென்டர் என்பார்கள். எடைமையத்துக்கு மேலே அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வலிமையோடு படகு நிமிரும். மீன்பிடிக் கலங்களுக்கான சர்வதேச நெறிகள் இந்த இடைவெளி 35 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. அவை 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கு எழுதப்பட்டவை. ஆனாலும் நம் படகுக்கு நல்ல வழிகாட்டி. இப்போது 60 டன் எடையுள்ள ஒரு படகில், எடைமையத்துக்கு 3 மீட்டர் மேலே ஒரு டன் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். படகின் எடைமையம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயரும். 35 இல் 5 என்றால் ஏழில் ஒரு பங்கு. கூரைமேல் ஒரு டன் என்பது பெரிய விஷயமாகத் தோன்றாது; ஆனால் படகின் உயிர்ப்பிடிப்பில் ஏழில் ஒரு பங்கை அது தின்றுவிடுகிறது. டீசலும் தண்ணீரும் அடியில் நிறைந்திருக்கும் புறப்பாட்டு நாளில் இது தெரியாது. அடித்தொட்டி காலியாகித் திரும்பிவரும் நாளில்தான் தெரியும்.

பாதி நிறைந்த தொட்டியும் அப்படியே. படகு சாயும்போது உள்ளே உள்ள நீரும் சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை மிகுதியாக்கும். தொட்டியின் நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இந்தத் தீங்கு நான்கில் ஒன்றாகக் குறையும். ஒரு தகடு, சில மணி நேரப் பற்றவைப்பு வேலை; அவ்வளவுதான் செலவு.

இதை அளக்கப் பொறியாளர்தான் வர வேண்டும் என்றில்லை. துறையில், அலையில்லாத நேரத்தில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஆட்கள் பக்கம் மாறி மாறி நடந்து படகை ஆட்டுங்கள். ஆட்டம் ஏறியதும் நின்றுவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பிவரும் நேரத்தைச் சிலமுறை எண்ணிச் சராசரி எடுங்கள். அந்த விநாடிக் கணக்கு படகின் அகலத்தின் மீட்டர்க் கணக்கைவிட அதிகமாக இருந்தால் அந்தப் படகை நம்பாதீர்கள். 6 மீட்டர் அகலமுள்ள படகு 8 விநாடி எடுத்து மெதுவாகச் சாய்ந்து எழுந்தால், அது சொகுசாக ஆடுகிறது என்று பாராட்டுவோம். உண்மையில் அது நிமிரத் தயங்குகிறது. சட்டென்று நிமிரும் படகு உடம்பை வாட்டும், நின்று வேலை செய்ய விடாது. ஆனால் உயிரோடு கொண்டுவரும். மூத்த தொழிலாளர் பலர் ஆடாத படகை விரும்புகிறார்கள். அவர்களிடம் மரியாதையோடு நான் மாறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

நான்காவது, அரசு மானியத்தில் வந்த சூரைமீன் தூண்டில் மற்றும் செவுள்வலைப் படகு. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017 இல் தொடங்கியது. அப்போது படகின் விலை 80 லட்சம் ரூபாய்; அதில் பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 10 விழுக்காடு மீனவர், மீதி 20 விழுக்காடு வங்கிக் கடன். இலக்கு 2,000 படகுகள். கொச்சி கப்பல் கட்டும் தளமும் சிலவற்றைக் கட்டித் தந்தது. படகு என்ற அளவில் இதற்கு நான் நல்ல மதிப்பெண் தருவேன். வரைபடம் போட்டு, கணக்குப் பார்த்துக் கட்டப்பட்ட உடல், மூடிய தளம், குளிர்காப்பு உள்ள மீன் அறை. ஆனால் இலக்கின் அருகில்கூட எண்ணிக்கை வரவில்லை. இழுவலை ஒரு கல்வி, தூண்டில் வேறொரு கல்வி. தூத்தூர்க்காரர் தலைமுறை தலைமுறையாகக் கற்றதை ராமேசுவரத்துக்காரர் ஒரு பயிற்சி முகாமில் கற்றுவிட முடியாது. படகின் விலையும் பின்னர் ஏறியது.

நான்காவது அளவுகோலை இங்கே கொண்டுவருகிறேன். தங்கலுக்குப் போன படகு டீசல், ஐஸ், உணவு, தூண்டில் இரை எனக் கடலில் கால் வைக்குமுன்பே பெருந்தொகையை விழுங்கிவிடுகிறது. மேலே வங்கித் தவணை. மீன்பாடு போதாமல் ஐந்தாம் நாளில் திரும்பினால் அந்தக் கணக்கு முழுவதும் முதலாளி தலையில் விழும். தொழிலாளிக்குப் பங்கே இருக்காது. எச்சரிக்கை வந்தும் இன்னும் ஒரு பாடு பார்த்துவிடலாம் என்று ஸ்ராங்கு நினைப்பதற்குப் பேராசை காரணமில்லை, கடன்தான் காரணம். ஆகவே தாங்க முடியாத விலையில் வாங்கிய படகு, எவ்வளவு திறமையாகக் கட்டப்பட்டிருந்தாலும், ஆபத்தான படகு. இதைச் சொல்லாமல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

படகின் உடலைப் பொறுத்தவரை இன்னொரு சான்றும் கிடைத்திருக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்து 2016 இல் நீரில் இறக்கிய ‘சாகர் ஹரிதா’. 19.75 மீட்டர் நீளம். அடிக்கூடு இரும்பு; கேபினும் மேற்கட்டுமானமும் கண்ணாடியிழை. இதன் முதல் நோக்கம் எரிபொருள் சேமிப்பு. ஆனால் நம் கேள்விக்கும் அது விடை சொல்கிறது: கனம் கீழே, இலேசு மேலே. வலிமை வேண்டிய இடத்தில் இரும்பையும், உயரம் வேண்டிய இடத்தில் கண்ணாடியிழையையும் வைப்பது நம் கரைப் படகுத் தளங்களில் முடியாத வேலை இல்லை. இரண்டு பொருளிலும் கைதேர்ந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எஞ்சின் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். படகின் நீளம் அதன் வேகத்துக்கு ஒரு வரம்பு வைக்கிறது. அந்த வரம்பை நெருங்க நெருங்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் மேலாக ஏறும். 9 நாட் வேகத்தில் போவதை 8 ஆகக் குறைத்தால் ஒரு மைலுக்கு ஆகும் டீசல் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சமாகும். தமிழ்நாட்டின் 2020 விதிகள் 24 மீட்டர், 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அந்த இரு எண்களும் படகின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. அது நிமிருமா என்பதைச் சொல்வதில்லை. துறையில் செய்யும் அந்த ஆட்டச் சோதனையைப் பதிவுக்கு ஒரு நிபந்தனையாக்க அரசுக்கு அதிகச் செலவு ஆகாது.

தொடர்புக் கருவிகளில் விவாதத்துக்கு இடமே இல்லை. வி.எச்.எஃப். வானொலியின் அலை நேர்கோட்டில் போவது. கரையிலிருந்து சில பத்து மைலுக்கு அப்பால் எட்டாது. ஒக்கியின்போது தொலைவில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச்சேராமல் போனதற்கு இதுவே பெரிய காரணம். செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இப்போது வந்துவிட்டன. அந்தக் கருவி இல்லாமல் தங்கலுக்குப் போகும் படகை நான் ஆழ்கடல் படகாகக் கணக்கில் சேர்க்கமாட்டேன். தூண்டிலை விட்டுவிட்டு இரவில் மிதந்துகிடக்கும் படகுக்குக் கப்பல் மோதும் ஆபத்தும் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளக் கடலிலும் 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பாலும் கப்பல் மோதி நம் தொழிலாளர் மாண்டார்கள். தானியங்கி அடையாளக் கருவியும் ராடார் எதிரொளிப்பானும் இருந்தால் கப்பலின் திரையில் படகு தெரியும். அதோடு விழித்திருக்கும் ஓர் ஆளும் வேண்டும். ஆகவே முறை மாற்றித் தூங்க இடமுள்ள படகு வேண்டும்.

கடைசியாகத் துறைமுகம். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஏறி, அலை உடைந்து, வீட்டைக் கண்ணால் பார்த்தபடியே கவிழ்ந்து இறந்தவர்கள் உண்டு. ஆழமாக அமிழும் பெரிய படகு கடலில் உறுதியாக நிற்கும். அந்த வாயிலில் தட்டும். படகை வாங்குமுன் எந்தத் துறைக்குள் எந்தப் பருவத்தில் நுழையப்போகிறோம் என்று முடிவெடுத்தாக வேண்டும். கொச்சியைத் தளமாகக் கொள்ளும் படகும் ஊர்த்துறைக்கே வரவேண்டிய படகும் ஒன்றாக இருக்க முடியாது.

காலங்காலமாக எங்கள் ஓடாவிகள் வரைபடம் இல்லாமலே கட்டினார்களே, அவை மிதக்கவில்லையா என்று கேட்பார்கள். மிதந்தன. ஏனென்றால் ஒரே பொருளில், ஒரே கடலுக்கு, தலைமுறைக்குச் சில அங்குலம் மாற்றிக் கட்டினார்கள். தவறு நேர்ந்தால் அடுத்த படகில் திருத்தினார்கள். இரும்பும் உயர்ந்த கேபினும் நூற்றுக்கணக்கான மைல் தூரமும் ஒரே தலைமுறைக்குள் வந்து சேர்ந்தன. கையின் நினைவு எட்டாத இடத்தில் கணக்கு துணைக்கு வருவதில் ஓடாவிக்குக் குறைவொன்றும் இல்லை.

என் தீர்ப்பு இது. நாள்தொழிலுக்கு, நுரைப் பொதியும் பிடிகயிறும் உள்ள ஃபைபர் படகு. இழுவலைக்கென்று பிறந்த மரப்படகை ஆழ்கடலுக்கு மாற்றவே வேண்டாம். வாரக்கணக்கில் தங்கும் தொழிலுக்கு 18 முதல் 20 மீட்டர் வரை நீளமுள்ள, மூடிய தளமுள்ள தூண்டில் படகு. அடிக்கூடு இரும்பு, கேபின் தாழ்வாக, கண்ணாடியிழையில். மீன் அறைக்கு முன்னும் எஞ்சின் அறைக்கு முன்னும் பின்னும் நீர்புகாத சுவர்கள். தளத்தின் இருபுறமும் ஏறிய அலை உடனே வடிந்துபோக அகலமான திறப்புகள். வலையோ பெட்டியோ போட்டு அவற்றை எப்போதும் அடைக்கக் கூடாது. கட்டுமரம் சொன்ன விதியை இரும்பில் எழுதுவது என்றால் அந்தத் திறப்புகள்தாம். இதைவிட நீளமான மானியப் படகு தரத்தில் குறைந்ததில்லை. ஆனால் தூண்டில் தொழில் தெரிந்த கூட்டமும் தாங்கக்கூடிய கடனும் இல்லாதவர் அதை எடுக்க வேண்டாம். தனியாக ஒருவர் கடன்பட்டு வாங்குவதைவிட, உறவுக்காரரும் ஊர்க்காரரும் பங்கு போட்டு வாங்குவது நல்லது. ஒரு தங்கல் வீணானாலும் அந்த நட்டத்தைப் பல தோள்கள் தாங்கும். ஸ்ராங்கு துணிந்து சுக்கானைக் கரைக்குத் திருப்புவார்.

முன்பணம் கொடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் விரும்பும் அதே மாதிரியில் கட்டிய படகு ஒன்று தங்கல் முடிந்து துறைக்கு வரும் நாளில் போய் நில்லுங்கள். மீன் இறக்குமுன், வலை தளத்தில் கிடக்கும்போதே, அந்தப் படகை ஆட்டிப் பார்த்து விநாடிகளை எண்ணுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட அழைத்துப் போங்கள். புயல் நாட்களில் கரையில் நின்று கடலைப் பார்க்கிறவர்கள் அவர்கள். அந்த எண் என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலில் அவர்களுக்குத்தான்.